பூட்டிய கதவுகளின் பயம்

கேள்வி: ‘தி அதர்ஸ்’ (2001) படத்தில் ரத்தமே இல்லை. பிறகு எப்படி அவ்வளவு பயம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எல்லாம் ஒரே ஒரு விதியால். 1945, இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலுள்ள ஜெர்சி தீவு. போருக்குப் போன கணவர் திரும்பவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் வெயில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும். அதனால், ஒரு கதவைப் பூட்டாமல் அடுத்ததைத் திறக்கக் கூடாது என்கிறாள் தாய் கிரேஸ். இதை முதலிலேயே நம் மனதில் பதித்துவிடுகிறார் இயக்குநர் அலெஹாந்த்ரோ அமெனாபார். அதன்பின் திறந்து கிடக்கும் கதவு ஒன்றே போதும், நெஞ்சு பதறும். வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்களோ என்ற கிரேஸின் சந்தேகம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. கிரேஸாக வரும் நிக்கோல் கிட்மனின் விறைத்த கழுத்தைக் கவனியுங்கள், அபாரமான நடிப்பு! இசையும் அமெனாபார்தான்; மௌனத்தை எங்கே விட வேண்டும் என்று தெரிந்தவர்.

அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். டிவியில் பிரைட்னஸைக் கூட்டாதீர்கள். கறுப்பு சாம்பலாகிவிடும், விளக்கொளிக் காட்சிகள் பாழ்.