நோயாளிக்கு அமினோ அமிலம் தரலாமா? உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மருத்துவமனை உணவியல் பிரிவில் வேலை செய்கிறேன். புரதத்தைக் கட்டும் செங்கற்கள்தான் அமினோ அமிலங்கள். அவற்றைப் பற்றி நோயாளிகளின் வீட்டார் கேட்ட கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு டைபாய்டு வந்து குணமாகிவிட்டது. ஆனால் எழுந்து நடக்கவே தெம்பில்லை. பக்கத்துக் கிளினிக்கில் அமினோ பாட்டில் ஏற்றலாம் என்கிறார்கள். ஏற்றலாமா மேடம்?

வாயால் சாப்பிட முடிகிறதென்றால் வேண்டாம். பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். 10 சதவீதம், 200 மில்லி என்று இருந்தால் உள்ளே இருப்பது 20 கிராம் அமினோ அமிலம். மூன்று முட்டையில் ஏறக்குறைய 18 கிராம் புரதம் கிடைத்துவிடும். அதோடு, போதிய மாவுச்சத்தும் கொழுப்பும் கூடவே போகாவிட்டால் ஏற்றிய அமினோ அமிலத்தையும் உடம்பு எரிபொருளாகச் செலவழித்துவிடும். குடல் வேலை செய்யாதபோது, உதாரணமாகக் குடலடைப்பில், நாங்கள் ரத்தக்குழாய் வழியாகத் தருவது உண்டு. அப்போதும் குளுக்கோஸ், கொழுப்போடு கணக்குப் பார்த்துத்தான்.

அம்மாவின் சோர்வுக்குக் காரணம் வேறு. காய்ச்சல் அடிக்கும்போது கிருமியை எதிர்க்கும் புரதங்களைச் செய்ய உடம்புக்கு அமினோ அமிலம் அவசரமாகத் தேவை. அதைத் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து நாம் பத்தியம் என்று வெறும் அரிசிக் கஞ்சியையும் ரொட்டியையும் தருகிறோம். கஞ்சி நல்லதுதான், அதில் ஒரு பிடி பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேருங்கள். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை அரிசி கொடுத்துவிடும். அப்புறம் காலையில் ஒரு முட்டை, மதியம் தயிர், படுக்கும் முன் பால். கூடவே தினமும் கொஞ்சம் நடக்க வையுங்கள். அசையாமல் படுத்தே இருந்தால் எவ்வளவு புரதம் கொடுத்தாலும் தசை சரியாக ஏறாது.

அப்பாவுக்கு லிவர் சிரோசிஸ். போன மாதம் ஆள் தெரியாமல் குழம்பிப் பேசினார். பருப்பு, முட்டை எதுவுமே கூடாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். டாக்டர் பி.சி.ஏ.ஏ. சாஷே எழுதியிருக்கிறார். எதைக் கேட்பது?

டாக்டரைக் கேளுங்கள். சிரோசிஸில், அதாவது கல்லீரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் நோயில், புரதத்தை நிறுத்தும் வழக்கம் முன்பு மருத்துவமனைகளிலேயே இருந்தது, அதனால் சொந்தக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைய வழிகாட்டுதல் அதற்கு நேர்மாறானது. எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 72 முதல் 90 கிராம்.

குழப்பத்துக்கு முக்கியக் காரணம் ரத்தத்தில் சேரும் அம்மோனியா. கெட்டுப்போன கல்லீரலால் அதை அகற்ற முடியாதபோது தசைதான் அதை இழுத்துக் குளுட்டமின் என்ற அமினோ அமிலமாக மாற்றுகிறது. புரதத்தை நிறுத்தினால் தசை கரையும், அந்த உதவியும் போய்விடும்.

பி.சி.ஏ.ஏ. என்பது லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள். சிரோசிஸ்காரர்களின் ரத்தத்தில் இவை குறைந்திருக்கும். இவற்றைத் தந்தால் குழப்பம் குறைகிறது என்பதற்கு ஆய்வுகளின் ஆதரவு உண்டு. ஆயுள் கூடுகிறது என்று காட்ட முடியவில்லை. எனவே சாஷே சாப்பாட்டோடு சேர்த்துத்தான், சாப்பாட்டுக்குப் பதில் அல்ல. முட்டை, மீன், இறைச்சியைவிடப் பாலும் பருப்பும் இவர்களுக்கு ஒத்துப்போகும் என்பது என் அனுபவம்.

இன்னொன்றை நான் எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்: இரவுச் சாப்பாட்டோடு நிறுத்தாதீர்கள். சிரோசிஸ் உள்ளவருக்கு ஒரு இரவு வெறும் வயிறு என்பது நல்ல உடம்புக்காரர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். தூங்கப் போகும் முன் இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால் என்று கொடுங்கள். மலச்சிக்கல் வந்தாலும் அம்மோனியா ஏறும், மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்தை எழுதியிருந்தால் விட்டுவிடாதீர்கள்.

மாமா ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருக்கிறார். குளுட்டமின் கொடுத்தால் சீக்கிரம் தேறுவார் என்று படித்தேன். டாக்டரிடம் கேட்கட்டுமா?

உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் வற்புறுத்தாதீர்கள். கடும் நோயில் ரத்தத்தில் குளுட்டமின் குறைகிறது என்பது உண்மை. குறைந்ததை நிரப்பினால் நல்லதுதானே என்று மருத்துவ உலகமும் நினைத்தது. பல உறுப்புகள் செயலிழந்த 1,223 பேரிடம் சோதித்து 2013-இல் முடிவு வெளியானபோது, குளுட்டமின் பெற்றவர்களில் இறப்பு கூடியிருந்தது. 2022-இல் தீக்காய நோயாளிகள் சுமார் 1,200 பேரிடம் நடந்த ஆய்விலும் பலன் தெரியவில்லை. குறைவாக இருப்பதையெல்லாம் நிரப்ப வேண்டும் என்பதில்லை.

ஜிம்முக்குப் போகும் தம்பி, ஹார்ட் அட்டாக் வந்த அப்பாவுக்கு ஆர்ஜினின் என்ற அமினோ அமிலப் பவுடர் வாங்கி வந்திருக்கிறான். ரத்தக்குழாயை விரிக்குமாமே?

தயவுசெய்து கொடுக்காதீர்கள். மாரடைப்பு வந்த 153 பேரிடம் நடந்த சோதனையில் ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள், எடுக்காதவர்களில் ஒருவரும் இல்லை. சோதனைக்கு ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2006-இல் வெளியானது.

கிட்னிக்காரருக்குப் புரதம் குறைக்கணுமா, கூட்டணுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

டயாலிசிஸுக்கு முன்பா, பின்பா என்பதைப் பொறுத்தது. முன்பு என்றால், நீரிழிவு இல்லாதவருக்குக் கிலோவுக்கு 0.55 முதல் 0.6 கிராம் வரை குறைப்பார்கள். இன்னும் குறைத்தால் கீட்டோ மாத்திரை சேர்ப்பார்கள். நைட்ரஜன் நீக்கிய அமினோ அமிலம் அது; உடம்பு தன்னிடம் மிஞ்சிய நைட்ரஜனை அதில் ஒட்டிப் பயன்படுத்திக்கொள்ளும். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் சில கிராம் அமினோ அமிலம் வடிகட்டியிலேயே போய்விடுகிறது. டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் பழைய டயட் சீட்டையே பிடித்துக்கொண்டு எலும்பும் தோலுமாக வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. முட்டை வெள்ளைக்கரு இவர்களுக்கு நல்ல தேர்வு, அதில் பாஸ்பரஸ் மிகக் குறைவு.

பார்கின்சன் மாத்திரை சாப்பாட்டோடு போட்டால் வேலை செய்யவில்லை என்கிறார் தாத்தா. நிஜமா?

நிஜம்தான். அந்த மாத்திரையில் இருக்கும் லெவோடோபா என்ற மருந்தும் சாப்பாட்டின் அமினோ அமிலங்களும் குடலில் ஒரே வாசலுக்குப் போட்டி போடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அண்ணனுக்கு டி.பி. விலை அதிகமான புரோட்டீன் பவுடர் வாங்க வசதியில்லை அக்கா. என்ன செய்வது?

பவுடர் வேண்டியதில்லை. ஜார்க்கண்டில் டி.பி. நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்ததாக 2023-இல் முடிவு வந்தது. நோயாளிகளுக்கும் கொடுத்தது அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய்தான். முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களில் இறப்பு நன்றாகக் குறைந்திருந்தது.

டி.பி. நோயாளிகளின் சத்துணவுக்கான அரசின் நிக்ஷய் போஷன் திட்டத்தில் சிகிச்சை முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன்பு அது 500 ரூபாயாக இருந்தது. மாத்திரை வாங்கும் மையத்தில் பாஸ்புக், ஆதார் நகல் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். அந்தப் பணத்தில் வேர்க்கடலை, முட்டை, பருப்பு வாங்குங்கள். மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் அண்ணனின் எடையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு மாதத்தில் எடை ஏறவில்லையென்றால் அந்தச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள்.