டென்ஷன் எலும்பு மஜ்ஜை வரை போகுமா?

கேள்வி: சில மாதங்களாகத் தூக்கம் சரியில்லை, வேலையில் ஓயாத டென்ஷன். ரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு 11,800 என்று வந்தது. "மன அழுத்தமாக இருக்கும்" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். மனசில் இருப்பது எலும்புக்குள் எப்படிப் போகும்? தெரிந்தவர் ஒருவர் மஜ்ஜையைத் தூண்டும் 'ஸ்டெம் செல்' கேப்சூல் சாப்பிடச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். வெள்ளையணு கூடியிருக்கிறது என்பதுதானே உங்கள் ரிப்போர்ட்? அப்புறம் மஜ்ஜையைத் தூண்ட எதற்கு மாத்திரை? எண் குறைந்து வந்திருந்தாலும் அதே கேப்சூலைத்தான் நீட்டியிருப்பார்கள். இவை பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகவே வரும்; அவருக்கு அதில் கமிஷன் உண்டா என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

சரி, எலும்புக்குள் போகும் வழி. வெள்ளையணு உள்ளிட்ட ரத்த அணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் உருவாகின்றன. பயந்தால் நெஞ்சைப் படபடக்க வைக்கும் பரிவு நரம்புகள், ரத்தக்குழாயை ஒட்டியபடியே எலும்பின் சிறு துளை வழியாக மஜ்ஜைக்குள்ளும் நுழைகின்றன. அங்கே நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை விடுகின்றன. ரத்த அணுக்களின் தாய் அணுக்களை, அதாவது ஸ்டெம் செல்களைப் பிடித்து வைக்கும் துணை அணுக்கள் அதை உணர்ந்ததும் பிடியைத் தளர்த்துகின்றன. இந்த நரம்புகளின் செய்தி கிடைக்காத எலிகளில், தாய் அணுக்களை வெளியே வரவழைக்கும் ஊசி போட்டாலும் அவை சரியாக வருவதில்லை என்று ஆய்வாளர் பால் ஃப்ரெனெட்டின் குழு 2006-ல் காட்டியது. 2014-ல் வந்த ஓர் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த இளம் டாக்டர்களுக்கே வெள்ளையணு கூடியிருந்தது. எலிகளில் தொடர் அழுத்தம் இதே நரம்புகள் வழியாக மஜ்ஜையின் உற்பத்தியைக் கூட்டியது.

ஆகவே உங்கள் டாக்டர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஒரு வரியில் அனுப்பியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மெஷின் கூடிய எண்ணைச் சிவப்பு எழுத்தில் அச்சடித்துத் தருகிறது. அதை விளக்க இரண்டு நிமிஷம் ஒதுக்க ஆளில்லை. அந்த இடைவெளியில்தான் கேப்சூல்காரர் நுழைகிறார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டென்ஷன் வெள்ளையணுவைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். கூடவே ஹீமோகுளோபினோ பிளேட்லெட்டோ குறைந்திருந்தால் அதை டென்ஷன் கணக்கில் எழுதக்கூடாது. மஜ்ஜையை விட்டு வரக்கூடாத முதிராத அணுக்கள் ரத்தத்தில் தெரிந்தாலும் அப்படித்தான். எடை குறைவது, இரவில் உடை நனைய வியர்ப்பது, கழுத்தில் கட்டி, ஒவ்வொரு முறையும் எண் ஏறிக்கொண்டே போவது, இவற்றில் எதற்கும் "மனசுதான் காரணம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், இப்படித் திருப்பி அனுப்பப்பட்டுத் தாமதமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல், புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். சில வாரம் கழித்து, ஓடி ஆடாமல் ஓய்வாக இருந்து, முன்பு எடுத்த அதே நேரத்தில் மறுபடி ரத்தம் கொடுங்கள். பெரிய பேக்கேஜ் எதுவும் தேவையில்லை. ரத்த அணு எண்ணிக்கையும் 'ஸ்மியரும்' போதும். ஸ்மியர் என்றால் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் மனிதக் கண்ணால் பார்ப்பது. அதைக் கேட்டு வாங்குங்கள்.