வால்வு ஆம்ப்ளிஃபயரில் கரகரப்பு எங்கே பிறக்கிறது?

கேள்வி: மெல்லிசைக் குழு ஒன்றில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவர் கட்டித் தந்த 15 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் என்னிடம் உள்ளது. மூன்று 12ஏஎக்ஸ்7 வால்வுகளும் இரண்டு இஎல்84 வால்வுகளும் கொண்டது. ஒலி இனிமைதான், ஆனால் முரட்டுத்தனம் போதவில்லை. வால்யூமை முழுதும் திருப்பினால் கரகரப்பு வருவதற்குப் பதிலாகக் கீழ்த் தந்திகள் குழைந்துபோகின்றன. சர்க்யூட் படத்தை இணைத்துள்ளேன். எதை மாற்றலாம், ஐயா?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் மைக் செட்காரர்களின் வால்வு ஆம்ப்ளிஃபயர்களுக்குச் சால்டர் வைத்துத்தான் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். அறிவிப்பவர் மைக்கை வாயோடு ஒட்டி முழங்கும்போது குழாய் ஒலிபெருக்கியில் ஒரு கரகரப்பு எழுமே, அதுவே நீங்கள் தேடும் ஒலியின் உறவு. வால்வு தன் எல்லையை முட்டி அலையின் உச்சியை வெட்டும்போது அது பிறக்கிறது. ஆனால் வெட்டுப்படும் இடத்துக்கு அடித்தொனி அளவுக்கு மீறி வந்து சேர்ந்தால், அதுவே மற்ற ஒலிகளையும் விழுங்கிக் குழைத்துவிடும். ஆகவே உங்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் பெருக்கத்தைக் கூட்டுவது மட்டும் போதாது. அடித்தொனியை முன்கூட்டியே குறைத்துவிட்டுப் பெருக்கத்தைக் கூட்ட வேண்டும்.

உங்கள் படத்தில் முதல் பெருக்க நிலையின் கேத்தோடில் (வால்வுக்குள் எலெக்ட்ரான்களை உமிழும் முனையில்) 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரும், அதற்கு இணையாக 22 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் உள்ளன. இந்த அளவு கண்டன்சர் கிட்டாரின் அடித்தந்தியான 82 ஹெர்ட்ஸையும் முழுப் பெருக்கத்தோடு உள்ளே விடும். அதைக் கழற்றிவிட்டு 0.68 மைக்ரோஃபாரட் வையுங்கள். இப்போது பெருக்கம் ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் கூடத் தொடங்கி, 300 ஹெர்ட்ஸ் அளவில் முழுமை பெறும். இரண்டாம் நிலையிலும் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டரே உள்ளது, ஆனால் கண்டன்சரே இல்லை, அங்கும் 0.68 வைத்தால், சுமார் 30 மடங்காக இருக்கும் அந்த நிலையின் பெருக்கம் நடுத்தொனியிலும் மேல்தொனியிலும் 60 மடங்கை நெருங்கும். 12ஏஎக்ஸ்7-இன் கேத்தோடுகள் 3-ஆம் பின்னிலும் 8-ஆம் பின்னிலும் வருகின்றன. அங்கே இரண்டு வோல்ட் அளவுக்குத்தான் மின்னழுத்தம் இருக்கும் என்பதால் 50 வோல்ட் தாங்கும் கண்டன்சரே தாராளம்.

இதற்குப் பிறகும் சொரசொரப்பு போதவில்லை என்றால், இரண்டாம் நிலையில் புதிதாக வைத்த கண்டன்சரை எடுத்துவிட்டு அந்த 1.5 கிலோ ஓமை 10 கிலோ ஓமாக மாற்றிப் பாருங்கள். கிட்டார் ஆம்ப்ளிஃபயர் தயாரிக்கும் மார்ஷல் நிறுவனத்தின் 2203 மாடலில் இருக்கும் வழி இது. வால்வில் ஓடும் மின்னோட்டம் குறைந்து, அலையின் ஒரு பக்கம் மறுபக்கத்துக்கு முன்பே வெட்டுப்படும். காதைச் சுரண்டும் அந்த முரட்டுத்தனம் பெரும்பாலும் இந்தச் சமமின்மையிலிருந்து வருவதுதான். அவுட்புட் டிரான்ஸ்பார்மரிலிருந்து திரும்பிவரும் எதிர்ப் பின்னூட்டக் கம்பியை (வெளியேறும் சிக்னலில் ஒரு பங்கை எதிராகத் திருப்பிக் கொடுத்துப் பெருக்கத்தை அடக்குவது) கழற்றச் சொல்பவர்களும் உண்டு. கரகரப்பு சீக்கிரமே தொடங்கும் என்பது உண்மை. ஆனால் ஸ்பீக்கரின் மீதுள்ள பிடி தளர்ந்து அடித்தொனி இன்னும் தொளதொளக்கும் என்பதால், உங்கள் குறைக்கு அது மருந்தாகாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, வாசித்துக் கேட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளை கண்டன்சர்கள் அதைத் தேக்கி வைத்திருக்கும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸிலும் (உலோக அடிச்சட்டத்திலும்) சிவப்பு முனையைப் பெரிய கண்டன்சரின் பாசிட்டிவ் முனையிலும் வைத்துக்கொண்டு, உறையிட்ட கம்பிகள் சேர்த்த 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் அந்த இரண்டு இடங்களையும் இணையுங்கள். மீட்டரில் 320, 90, 12 என எண்கள் சரிந்து, ஓரிரு வோல்ட்டுக்குக் கீழே போன பின்பே கையை உள்ளே விடுங்கள். ஒவ்வொரு கண்டன்சரையும் தனித்தனியே சோதியுங்கள். இதில் பழக்கம் இல்லையென்றால் கட்டித் தந்த மெக்கானிக்கிடமே கொடுத்துவிடுங்கள். சால்டரிங் தெரிந்தவருக்கு அரைமணி நேர வேலைதான் இது.

கேள்வி: சர்க்யூட்டைத் தொடாமல் முன்னிலை (சிக்னலை முதலில் பெருக்கும்) வால்வை மட்டும் வேறு வகைக்கு மாற்றிக் கரகரப்பைக் கூட்ட முடியுமா?
– வாசகர், மேலூர்

பதில்: 12ஏஎக்ஸ்7 இருக்கும் இடத்தில் முடியாது. அதே சாக்கெட்டில் அப்படியே பொருந்தும் அதன் குடும்பத்து வால்வுகளில் பெருக்கக் காரணி (சிக்னலைப் பெருக்கும் திறனின் அளவு) மிகுந்தது அதுதான்: அதற்கு 100, 12ஏடி7-க்கு 60, 12ஏயூ7-க்கு ஏறத்தாழ 20. எதை மாற்றிச் செருகினாலும் கரகரப்பு குறையவே செய்யும். ஆனால் உங்களிடம் இருப்பது தேய்ந்த வால்வு என்றால் புதிய 12ஏஎக்ஸ்7 ஒன்றைப் போட்டுப் பாருங்கள். வாசித்துச் சோதிக்கும்போது ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகக்கூடும்.