தம்பிக்காக அக்கா போட்ட மனு: பதினேழு வருடம் காத்திருந்தவனின் பதில்

கேள்வி இதுதான்: டல்லாஸில் இருக்கும் அக்கா போன வருடம் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார், "உங்களையும் கூப்பிட்டுக்கிறேன்" என்கிறார், உங்களுக்கு மனைவியும் ஒன்பது வயதுப் பெண்ணும் உண்டு, எத்தனை வருடம் ஆகும், அதுவரை இங்கே வீடு வாங்குவதைத் தள்ளிப்போடலாமா?

வீட்டை வாங்குங்கள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதுக்கு வருகிறேன்.

எனக்கு என் அக்கா மனு போட்டது 2005 ஜூன் மாதம். நானும் மனைவியும் பையனும் நியூ ஜெர்சியில் வந்து இறங்கியது 2023 ஜனவரி. நடுவில் பதினேழரை வருடம். மனு போட்டபோது எனக்கு முப்பத்தேழு வயது, கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வந்து இறங்கியபோது தலையில் கறுப்பு முடியைத் தேட வேண்டியிருந்தது.

ஏன் இவ்வளவு நாள் என்று புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும், மீதிப் பாதி கூடிவிடும். அமெரிக்கக் குடிமகனின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட திருமணமாகாத பிள்ளைகள், பெற்றோர் இவர்களுக்கு வருடாந்திர வரம்பு கிடையாது. அதனால் உங்கள் அக்கா உங்கள் அம்மாவைக் கூப்பிட்டால் காகித வேலை முடிகிற காலம்தான், வரிசை இல்லை. உடன்பிறந்தவர்கள் மட்டும் கடைசி வரிசை, அதற்கு எஃப்4 என்று பெயர். உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 65,000 விசா, அதிலேயே மனைவி பிள்ளைகள் தலையும் எண்ணப்படும். போதாக்குறைக்கு எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு விதி. இந்தியாவிலிருந்து கேட்கிறவர்கள் அதிகம் என்பதால் நமக்கென்று தனி வரிசை, அது மற்ற பல நாடுகளின் வரிசையை விட மெதுவாக நகர்கிறது.

மனு போய்ச் சேர்ந்த தேதிதான் உங்கள் ப்ரையாரிட்டி டேட். மாதாமாதம் விசா புல்லட்டின் என்று ஓர் அட்டவணை வரும், அதில் இந்தியா என்ற கட்டத்தில் இருக்கும் தேதி உங்கள் தேதியைத் தாண்டினால் உங்கள் முறை. நான் ஆரம்பத்தில் மாதம் தவறாமல் பார்த்தேன். சில மாதம் ஒரு வாரம் நகரும், சில மாதம் அசையவே அசையாது, ஒரு தடவை பின்னாலேயே போனது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டேன், உடம்புக்கு நல்லதாக இருந்தது.

அந்தப் பதினேழு வருடத்தில் நான் செய்த பெரிய தப்பு, போகப்போகிறோம் என்றே வாழ்ந்தது. 2009-ல் வெங்கமேடு பக்கம் நல்ல இடம் ஒன்று வந்தது, "எப்படியும் கிளம்பப் போறோம், எதுக்கு" என்று விட்டேன். பழைய ஃப்ரிட்ஜை மாற்றவில்லை. உறவில் யாராவது "எப்ப கிளம்பறீங்க" என்று கேட்டால் "அடுத்த வருஷம் ஆகிடும்" என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தாலே ஆட்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நடுவில் ஓர் ஏஜென்ட், "மேலிடத்துல சொல்லி ஃபைலை முன்னாடி தள்ளிடலாம் சார்" என்று நாற்பதாயிரம் ரூபாய் வாங்கினார். இந்த வரிசையில் யாரையும் யாரும் முன்னால் தள்ள முடியாது. ரசீது கூட வாங்காமல் கொடுத்தேன் என்பதை என் மனைவிக்கு இப்போதுதான், இந்தப் பதில் மூலமாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. குடியேற்ற மனு நிலுவையில் இருந்தால் சுற்றுலா விசா வாங்குவது கஷ்டமாகிவிடும். அந்த விண்ணப்பத்திலேயே உங்களுக்காக யாராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்று கேட்பார்கள், பொய் சொல்லக்கூடாது. ஆமாம் என்றால், திரும்பி வருவீர்கள் என்று நீங்கள்தான் நம்ப வைக்க வேண்டும். 2013-ல் அக்கா மகனின் பட்டமளிப்புக்குப் போகலாம் என்று விண்ணப்பித்தோம், இரண்டு நிமிடத்தில் மறுத்துவிட்டார்கள். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிற ஆசை இருந்தால், மனு போடுவதற்கு முன்னால் போய்விட்டு வந்துவிடுங்கள்.

இப்போது பிள்ளைகள் விஷயம். உங்கள் கேள்வியில் ஒன்பது வயதுப் பெண் என்று படித்ததும்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பிள்ளைகள் நம்மோடு தொற்றிக்கொண்டு வர வேண்டுமென்றால் விசா கிடைக்கும் நேரத்தில் 21 வயதுக்குள், திருமணமாகாமல் இருக்க வேண்டும். ஆனால் 2002-ல் வந்த ஒரு சட்டம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: நம் முறை வந்த தேதியில் பிள்ளையின் வயதைக் கணக்கிட்டு, மனு ஒப்புதல் ஆகாமல் மேசையில் கிடந்த காலத்தை அதிலிருந்து கழித்துவிடுவார்கள். எங்கள் மனு 2005 ஜூனில் போய் 2010 மார்ச்சில்தான் ஒப்புதல் ஆனது. நாலே முக்கால் வருடம் தூங்கியது. அந்தத் தூக்கத்தை நான் அப்போது எவ்வளவு திட்டியிருப்பேன்! 2021-ன் பிற்பாதியில் எங்கள் முறை வந்தபோது பையனுக்கு 21 முடிந்திருந்தது, கழித்தால் பதினாறு வருடமும் கொஞ்சமும். தப்பித்தான். பெண்ணுக்கு 26 முடிந்திருந்தது. கழித்தால் இருபத்தொரு வருடம் மூன்று மாதம்.

மூன்று மாதம். காலண்டரை வைத்து நான் எத்தனை முறை எண்ணிப் பார்த்தேன் என்று சொன்னால் பைத்தியம் என்பீர்கள். நாள் கணக்கில் போட்டேன், வக்கீலிடம் கேட்டேன், அவர் இன்னொரு வக்கீலிடம் கேட்டார். வயது தாண்டிய பிள்ளைக்குப் பழைய தேதியையாவது கொடுப்பார்களா என்றால், எங்களைப் போன்றவர்களுக்கு அது கிடையாது என்று 2014-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். நாங்கள் அங்கே போனபின் க்ரீன் கார்டு வைத்துக்கொண்டு அவளுக்குப் புதிதாக மனு போடலாம். ஆனால் க்ரீன் கார்டுக்காரர் போடும் மனு திருமணமாகாத பிள்ளைக்கு மட்டும்தான். நடுவில் தாலி ஏறினால் மனு செல்லாது. அந்த வரிசையும் வருடக் கணக்கு.

அதாவது ஒரு பெண்ணை முப்பத்தைந்து வயது வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இரு என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் மனைவியும் ஒரு வாரம் இதைப் பற்றி அவள் முன்னால் பேசாமல் சமையலறையில் கிசுகிசுத்தோம். கடைசியில் அவளே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "நீங்க போங்கப்பா. தம்பிக்கு வயசு இருக்கு. எனக்கு இங்க வேலை இருக்கு, நான் கல்யாணம் பண்ணிக்கிறேன். அந்த புல்லட்டினை எல்லாம் என்னால பார்த்துட்டு இருக்க முடியாது." சொல்லிவிட்டு ரசம் கேட்டாள். அவள் அம்மா எழுந்து உள்ளே போனவள் ரசத்தோடு வர ரொம்ப நேரம் ஆனது.

சரி, காகித விஷயங்கள். உங்கள் அக்காவும் நீங்களும் ஒரு தாய் அல்லது ஒரு தகப்பன் பிள்ளைகள் என்று காட்ட இரண்டு பேர் பிறப்புச் சான்றிதழும் வேண்டும். நான் 1968-ல் குளித்தலை பக்கத்துக் கிராமத்தில் வீட்டில் பிறந்தவன், பதிவே கிடையாது. பதிவு இல்லை என்று ஒரு சான்று வாங்கி, நான் பிறந்தபோது இருந்த பெரியவர்கள் இரண்டு பேரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினோம். அம்மா ஒருவர், தாய்மாமா ஒருவர். இதை 2005-லேயே வாங்கி வைத்தது நல்லதாகப் போயிற்று, விசா நேரத்தில் இருவருமே இல்லை. பள்ளிக்கூடத்தில் என் பிறந்தநாள் ஜூன் 1, ஹெட்மாஸ்டர் கொடுத்தது. அந்தக் காலத்தில் பாதி வகுப்பு ஜூன் 1-ல்தான் பிறந்திருக்கும். அப்பா பெயர் ஒரு காகிதத்தில் சுப்பிரமணியன், இன்னொன்றில் சுப்பிரமணியம், அதற்கும் தனியாக ஒரு பத்திரம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தை இப்போதே பாருங்கள். நம் ஆட்கள் பலருக்கு இனிஷியல்தான், அந்தக் கட்டம் காலி. காலியாக இருந்தால் விசாவில் உங்கள் பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியாது என்று அர்த்தம். என் மனைவிக்கு அப்படி ஆகிவிட்டது. இங்கே பல் மருத்துவமனையில் "ஃப்னூ... ஃப்னூ" என்று கூப்பிட்டார்கள், நாங்கள் யாரோ சீனப் பெண்மணியை என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தோம். அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகப் போட்டு பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. ஸ்பான்சர் செய்பவர் ஐ-864 என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வருமானம் வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். 2022-ல் அக்கா, மாமா, நாங்கள் மூவர் என ஐந்து பேருக்கு வருடம் சுமார் 40,600 டாலர். அக்கா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார், வருமானம் போதவில்லை. அக்கா மகன் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட்டான். நான் தூக்கி வளர்த்த பையன்தான், ஆனாலும் வரிக் கணக்கை எல்லாம் மாமன் குடும்பத்துக்காக எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால் அவன் மனைவிக்கு எப்படி இருக்கும்? அந்தக் கையெழுத்து சும்மா சாட்சிக் கையெழுத்து இல்லை. நாம் குடியுரிமை வாங்கும்வரை, அல்லது நம் கணக்கில் நாற்பது காலாண்டு வேலை சேரும்வரை, அதாவது ஏறக்குறைய பத்து வருடம், நம் பொறுப்பு அவர்கள் தலையில். உங்கள் அக்காவிடம் மட்டும் அல்ல, அவர் கணவரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது: மனு போட்டவர் நடுவில் காலமானால் பொதுவாக மனுவும் போய்விடும், அதை உயிர்ப்பிக்க முடிந்தாலும் உறுதி கிடையாது. 2016-ல் அக்காவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது என் கவலையில் எவ்வளவு அக்காவுக்கு, எவ்வளவு மனுவுக்கு என்று எனக்கே தெரியவில்லை.

நேர்காணல் மும்பையில். இந்தியாவில் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இந்தக் குடும்ப விசாவுக்கு பாந்த்ரா குர்லா வளாகத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். கொரோனாவால் அங்கே எல்லாம் தேங்கிக் கிடந்து, எங்களுக்கு 2022 நவம்பரில்தான் தேதி கிடைத்தது. முன்னதாக மருத்துவப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, தடுப்பூசிகள். நான் மூன்று கிலோ காகிதம் கொண்டுபோனேன். அந்த அம்மா கேட்டது நாலு கேள்வி. யார் மனு போட்டது, கடைசியாக எப்போது பார்த்தீர்கள், என்ன வேலை, பழைய போட்டோ ஏதாவது உண்டா. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் போட்டோவை நீட்டினேன். அக்கா பட்டுப்புடவையில், நான் மீசை சரியாக முளைக்காமல். பார்த்துச் சிரித்துவிட்டு ஏழு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

இங்கே வந்தபின்? ஓக் ட்ரீ ரோடு பக்கம் ஒரு மளிகைக் கிடங்கில் சரக்கு பில் சரிபார்க்கிறேன். மணிக்கு 16 டாலர், நாள் முழுக்க நின்றபடி. இருபத்தேழு வருடக் கணக்கு அனுபவத்துக்கு இங்கே விலை இல்லை, ஐம்பத்தைந்து வயதில் யாரும் அலுவலக வேலை தருவதாகத் தெரியவில்லை. பையன் நன்றாக இருக்கிறான், வந்த எட்டாவது மாதமே வேலை. மனைவியின் ஒரு பல்லுக்கு ரூட் கேனால் 1,400 டாலர் என்றார்கள், அவள் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஊருக்குப் போகும்போது கரூரிலேயே பார்த்துக்கொண்டாள். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு நம்மைப் போல வருபவர்களுக்கு முதல் ஐந்து வருடம் பெரும்பாலும் கிடையாது என்பதைக் கணக்கில் வையுங்கள். ஊரில் போய் ஒரு வருடத்துக்கு மேல் அனுமதி வாங்காமல் தங்கினால் க்ரீன் கார்டே போய்விடும் ஆபத்து உண்டு, ஆறு மாதம் தாண்டினாலே விமான நிலையத்தில் கேள்வி வரும்.

ஆக, மனு போடச் சொல்லுங்கள். இப்போது ஆன்லைனில் ஐ-130 என்ற அந்த மனுப் படிவத்துக்கு 625 டாலர், காகிதத்தில் அனுப்பினால் 675. அந்தப் பணத்துக்கு ஒரு வரிசையில் துண்டு போட்டு வைக்கலாம், தப்பில்லை. ரசீதை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்துவிட்டு, வீட்டுக்கடன் என்ன வட்டி என்று விசாரிக்கப் போங்கள். பெண்ணை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இன்றைய வேகத்திலேயே பார்த்தாலும் உங்கள் முறை வரும்போது அவள் முப்பதை நெருங்கிக்கொண்டிருப்பாள். மனு எத்தனை வருடம் மேசையில் தூங்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளுக்கு அமெரிக்கா வேண்டும் என்றால் படிப்பு வழியாகத் தனியாகப் பார்க்கட்டும். தன் நிலைமை என்ன என்பது மனு போட்ட அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கட்டும், எங்கள் வீட்டில் மாதிரி கடைசியில் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

என் பெண்ணுக்கு 2023-ல் கோவையில் கல்யாணம் ஆனது. க்ரீன் கார்டு கிடைத்து நாலு மாதத்தில் மூன்று பேரும் டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடினோம். 2028-ல் நான் குடியுரிமை வாங்கினால் திருமணமான மகளுக்கும் மனு போட முடியும், அதற்குத் தனி வரிசை, அதுவும் பதினைந்து வருடத்துக்குக் குறையாது போலிருக்கிறது. போன மாதம் அதைச் சொன்னேன். "அப்ப எனக்கு நாப்பத்தெட்டு வயசுப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "போட்டு வைங்க, பார்க்கலாம்" என்றாள்.