ரீல் வாங்குமுன், வாங்கிய பின்: தூண்டில் கேள்வி-பதில்

கேள்வி (சேரன்மகாதேவி): அண்ணாச்சி, இதுவரை மூங்கில் கம்பும் தக்கையும்தான். முதல் தடவையா ஸ்பின்னிங் ரீல் வாங்கணும். மூவாயிரத்துக்கு மேல முடியாது. தாமிரபரணியிலயும் போடணும், மாசம் ஒரு தடவை உவரிக் கடற்கரைக்கும் போவேன். ஒரே ரீல் ரெண்டுக்கும் ஆகுமா?

பதில்: ஆகும். 4000 அளவு வாங்குங்கள் (எண் கூடக் கூட ரீல் பெரிது). ஆற்றில் கெண்டைக்கும் ஜிலேபி மீனுக்கும் 2500 போதும். ஆனால் அதைக் கொண்டு கடற்கரையில் வீசினால் நரம்பின் (தூண்டில் இழையின்) நீளமும் பத்தாது, பிடிமானமும் பத்தாது. 6000 வாங்கினால் கடலுக்குச் சரி, ஆற்றங்கரையில் அரை நாள் கையில் பிடித்திருக்க முடியாது. நடுவில் நிற்பது 4000.

இந்த எண் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றல்ல. டைவா பிஜி வரிசையில் 3000 என்று போட்டிருப்பது ஷிமானோவின் 4000 அளவுக்கு ஏறக்குறைய வந்துவிடும். டைவாவின் ‘எல்டி’ வரிசையோ ஒரு படி சிறியது. எனவே எண்ணைப் பார்த்ததோடு நிற்காமல், நரம்பு சுற்றும் பாகமான ஸ்பூலில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவையும் பாருங்கள். 0.30 மி.மீ. நரம்பு 150 மீட்டருக்குக் குறையாமல் பிடித்தால் உங்கள் தேவைக்குப் போதும்.

ஷிமானோ எஃப்எக்ஸ், சியன்னா, டைவா கிராஸ்ஃபயர், ஒகுமா சேமர் எல்லாம் தொடக்க நிலை மாடல்கள். விலை கடைக்குக் கடை மாறும். இவற்றில் 4000 அளவு எது உங்கள் தொகைக்குள் அமைகிறதோ அதை எடுங்கள். உடல் பகுதி உலோகமில்லை, கிராஃபைட் கலந்த பிளாஸ்டிக். துருப்பிடிக்காது, எடையும் குறைவு. ஆனால் பெரிய மீன் இழுக்கும்போது உடல் லேசாக நெளியும். அப்போது உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று நேராக உட்காராமல் தேயும். மீனைக் கைப்பிடியைச் சுற்றியே இழுத்துவர முயல்பவர்கள் ரீலை ஒரே வருடத்தில் கெடுப்பது இப்படித்தான். ராடை, அதாவது தூண்டில் கம்பை, தூக்கி மீனை இழுங்கள், ராடைத் தாழ்த்தும்போது மட்டும் சுற்றுங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் விலை குறைந்த ரீலும் பல வருடம் உழைக்கும்.

பல்சக்கர விகிதம் 5:1 பக்கம் இருந்தால் போதும். 5.2:1 என்றால் கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 80 செ.மீ. அளவுக்கு நரம்பு ஏறும். 6.2:1 வேகமானது. பாரை மீனுக்குப் பொய் இரையை விரட்டி இழுப்பவர்களுக்கு அது உதவும். இரை போட்டுக் காத்திருப்பவருக்கு அந்த வேகம் தேவையில்லை, சுமையில் சுற்றக் கனக்கவும் செய்யும்.

ஒரு வேண்டுகோள்: மூவாயிரத்தையும் ரீலிலேயே போட்டுவிடாதீர்கள். நல்ல நரம்புக்கு ஒரு பங்கை எடுத்து வையுங்கள். மட்டமான நரம்பு ஸ்பூலில் சுருண்டு நிற்கும், முடிச்சில் அறுபடும். பழி ரீல் மேல் விழும்.

கேள்வி (பேட்டை): ஆன்லைன்ல ‘13+1 பேரிங்’னு ஒரு ரீல் தொள்ளாயிரம் ரூபாய்க்கு இருக்கு. நல்ல கம்பெனி ரீல்ல மூணு பேரிங்தான் போட்டிருக்கான். எது நல்லது?

பதில்: மூன்று பேரிங்காரன். பேரிங் எண்ணிக்கை பெட்டியில் அச்சிடுவதற்கு வசதியான எண், அவ்வளவுதான். வேலை செய்யும் இடங்கள் சில. பெரிய பல்சக்கரத்தின் இருபுறமும், ஸ்பூலைச் சுற்றிச் சுழலும் ரோட்டரைத் தாங்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்திலும், நரம்பு உரசிச் செல்லும் லைன் ரோலரிலும் நல்ல பேரிங் இருந்தாலே ரீல் வழுவழுப்பாக ஓடும். மலிவு ரீலில் கைப்பிடிக் குமிழ் வரைக்கும் மட்டமான பேரிங்குகளைத் திணித்துக் கணக்குக் காட்டுவார்கள். உப்புக்காற்று பட்டால் அத்தனையும் துருப்பிடிக்க வேண்டியவைதான்.

முடிந்தால் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். ரீலைப் பிடித்துக் கைப்பிடியை மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் குறை தெரியாது. மெதுவாகச் சுற்றும்போதுதான் பல் தட்டுவது விரலில் தெரியும். அடுத்து ஒரு விசை கொடுத்துச் சுழலவிட்டு ரோட்டர் தள்ளாடுகிறதா என்று பாருங்கள். கைப்பிடியைப் பின்னோக்கித் தள்ளுங்கள்: உடனே நிற்க வேண்டும், கால் சுற்று பின்னே போய் நின்றால் வேண்டாம். நரம்பைப் பிடித்து ஸ்பூலில் ஏற்றும் பெயில் கம்பியைத் திறந்து மூடுங்கள், ‘டக்’கென்று உட்கார வேண்டும். லைன் ரோலரில் ஒரு நூலைப் போட்டு இழுங்கள். ரோலர் உருளாமல் நூல் மட்டும் வழுக்கினால், நாளைக்கு உங்கள் நரம்பு அந்த இடத்தில்தான் தேயும். கடைசியாக, மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக்கை நடுத்தரமாக வைத்து ஸ்பூலிலிருந்து நரம்பை இழுங்கள். விட்டு விட்டு, வெட்டி வெட்டி வந்தால் மீன் அறுத்துக்கொண்டு போகும். சீராக வருவதைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து நிமிட வேலை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள்.

கேள்வி (மானூர்): குளத்துல பாசிக்குள்ள விராலுக்குத் தவளை லூர் (பொய் இரை) போடுதேன். பிரெய்டு மாத்தின பிறகு டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்குது. ரீல் போச்சா?

பதில்: ரீல் போகவில்லை. வழுக்குவது டிராக் அல்ல, பின்னல் நரம்பான பிரெய்டு. மொழுமொழுவென்ற பிரெய்டை வெறும் உலோக ஸ்பூலில் நேரடியாகக் கட்டினால், மொத்தச் சுற்றும் ஸ்பூலின் மேல் வளையல் மாதிரி சுழலும். சோதிக்க, டிராக்கை முழுக்க இறுக்கி, ஸ்பூலைக் கையால் பிடித்துக்கொண்டு நரம்பை இழுங்கள். ஸ்பூல் அசையாமல் நரம்பு வந்தால் சந்தேகமே இல்லை.

முழுதையும் உருவிவிட்டு, முதலில் 10–15 மீட்டர் சாதா நைலான் நரம்பைச் சுற்றி அதன் முனையில் பிரெய்டை இரட்டை யூனி முடிச்சால் இணையுங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால், ஸ்பூலில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் பிரெய்டைக் கட்டினாலும் நிற்கும். சுற்றும்போது ஈரத் துணியால் நரம்பை அழுத்திப் பிடித்து இறுக்கமாக ஏற்றுங்கள். தளர்வாக ஏற்றினால் மீன் இழுக்கும்போது மேல்சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்து சிக்கும்.

விராலுக்கு பிஇ 3 அளவு பிரெய்டு போடுங்கள் (பிஇ என்பது பிரெய்டின் தடிமன் எண்). பாசியோடு சேர்த்து மீனை இழுத்தெடுக்க வேண்டியிருப்பதால் மெல்லியது ஆகாது.

கேள்வி (திசையன்விளை): உவரி, கூடுதாழை பக்கம் நாலு தடவைதான் போயிருக்கேன். புது ரீல் கரகரங்குது. வீட்டுக்கு வந்து வாளித் தண்ணியில முக்கித்தான் வைக்கேன். பிறகும் ஏன்?

பதில்: இரண்டு காரணம். ஒன்று மணல், இன்னொன்று அந்த வாளி.

நம் கடற்கரை மணலில் கார்னெட் கலந்திருக்கிறது. கரையில் செந்நிறப் படுகையாகக் கிடப்பதில் அதுதான் நிறைய. உப்புத்தாள் செய்யவும், நீர்ப்பீய்ச்சலில் கலந்து உலோகத்தை வெட்டவும் பயன்படும் கடினமான தாது அது. அந்த மணல் ஒரு சிட்டிகை ரீலுக்குள் போனால் பல்சக்கரத்துக்கு நடுவில் உட்கார்ந்து அரைக்கும். எனவே ரீலை மணலில் வைக்கவே கூடாது, ஒரு நிமிடம்கூட. ராடின் அடி நுழையும் அளவுக்கு இரண்டு அங்குல பிவிசி குழாயில் மூன்றரை அடி வெட்டுங்கள். அடி முனையைச் சாய்வாக அறுத்துக் கூராக்கி மணலில் ஓரடிக்கு மேல் குத்தினால் ராடு அதில் நிற்கும். இரை கோத்த கையை ஒரு துணியில் துடைத்துவிட்டுக் கைப்பிடியைத் தொடுங்கள். தவறி மணலில் விழுந்துவிட்டால் சுற்றிப் பார்க்காதீர்கள். சுற்றினால் மணல் உள்ளே இழுக்கப்படும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இனி வாளி. ரீலை முக்கினால் வெளியே ஒட்டியிருந்த உப்பும் மணலும் கரைந்து, தண்ணீரோடு உள்ளேயும் போகும். நீர் புகாத சீல் உள்ள ரீல்கள் இருக்கின்றன. அவை வேறு விலை. சாதா ரீலை இப்படிக் கழுவுங்கள்: டிராக் குமிழை இறுக்கி மூடுங்கள், டிராக் தட்டுகளுக்குள் தண்ணீர் இறங்காது. சொம்பில் எடுத்து மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். ஹோஸ் பைப்பைப் பீய்ச்சி அடிக்காதீர்கள். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே லைன் ரோலர் மேல் நன்றாக ஊற்றுங்கள். உதறி, துணியால் ஒற்றி, டிராக்கை முழுக்கத் தளர்த்தி நிழலில் காய வையுங்கள். அடுத்த நாள் ஸ்பூலைக் கழற்றி நடுத்தண்டைத் துடைத்து மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவுங்கள். லைன் ரோலர், பெயில் மூட்டு, கைப்பிடிக் குமிழ் மூன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய்.

கழுவும் தண்ணீர் எதுவென்றும் பாருங்கள். கடலோர ஊர்களில் பல கிணறுகளில் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை எடுத்து உப்பைப் பூசுவதுதான். குடிக்கிற நல்ல தண்ணீர் இரண்டு லிட்டர் போதும்.

இப்போது கரகரக்கும் ரீலைத் திறக்கத்தான் வேண்டும். பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுத்து, பல்சக்கரங்களுக்குப் புது கிரீஸ் வைத்துப் பாருங்கள். பல் தேய்ந்திராவிட்டால் சத்தம் போய்விடும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): கைப்பிடி பின்னாலயும் சுத்துது. உள்ளுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டேன், கூடிப்போச்சு.

பதில்: கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுப்பது ரோட்டருக்கு அடியில் உள்ள ஒருவழி கிளட்ச். சிறு உருளைகள் தண்டை உரசிப் பிடிப்பதால்தான் அது நிற்கிறது. அங்கே எண்ணெயோ கிரீஸோ அதிகமானால் பிடிக்காமல் வழுக்கும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகி உருளைகளை ஒட்டவும் வைக்கும்.

ஸ்பூலைக் கழற்றி, ரோட்டர் நட்டை எடுத்து (பல ரீல்களில் அதற்கு ஒரு சின்னப் பூட்டுத் திருகு உண்டு, அதை முதலில்) ரோட்டரை உருவினால் கிளட்ச் தெரியும். செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் புழங்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அதைக் கழுவிக் காயவிடுங்கள். உருளைகளை வெளியே எடுக்க வேண்டாம். அவற்றின் ஸ்பிரிங் தலைமுடி மாதிரி இருக்கும், பறந்துவிட்டால் கிடைக்காது. திரும்பப் பூட்டும்போது ஊசி முனையில் தொட்ட அளவு மெல்லிய எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றாகக் கழற்றும்போதே செல்போனில் படம் எடுத்து வையுங்கள்.

பொதுவாக ரீலுக்கு எண்ணெய் என்றால் தையல் மிஷின் எண்ணெய் நல்லது. துரு நீக்கும் ஸ்பிரே கிரீஸைக் கரைத்துவிடும், எண்ணெய்க்குப் பதிலாக அதை அடிக்காதீர்கள்.

கேள்வி (கூத்தங்குழி): 30 பவுண்டு பிரெய்டு, 20 பவுண்டு லீடர். நல்ல பாரை ஒண்ணு அறுத்துட்டுப் போச்சு. டிராக்கை இறுக்கமாத்தான் வச்சிருந்தேன்.

பதில்: இறுக்கமாக வைத்ததால்தான் அறுந்தது. எந்த இடம் பலவீனமோ அதன் கணக்கில் டிராக் வைக்க வேண்டும். உங்களிடம் அது லீடர், அதாவது பிரெய்டின் முனையில் முள்ளுக்கு முன் கட்டும் நரம்பு: அது தாங்கும் 20 பவுண்டு என்றால் 9 கிலோ. அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 2¼ கிலோ இழுப்பில் ஸ்பூல் நரம்பு விட வேண்டும். கையால் இழுத்துக் கணிக்காதீர்கள், கை ஏமாற்றும். பயணப் பை எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று வாங்கி, நரம்பை ராடின் வளையங்கள் வழியாகக் கோத்துத் தராசில் மாட்டுங்கள். ராடை 45 பாகை சாய்வில் பிடித்து இழுத்து, முள் 2¼ காட்டும்போது நரம்பு வரும்படி குமிழைத் திருப்புங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மீன் ஓட ஓட ஸ்பூலில் நரம்புச் சுற்றின் விட்டம் குறையும். குமிழைத் தொடாமலே இழுப்பு கூடும். விட்டம் பாதியானால் இழுப்பு இரு மடங்கு. நீண்ட ஓட்டத்தில் டிராக்கை இறுக்கத் தோன்றும். அப்போது செய்ய வேண்டியது கொஞ்சம் தளர்த்துவது.

வீட்டில் வைக்கும்போது டிராக்கைத் தளர்த்தியே வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் கம்பளித் தட்டுகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். முதல் இழுப்பிலேயே வெட்டி, நரம்பு அறும்.

கேள்வி (பணகுடி): ஆடிக் காத்துல ஒவ்வொரு வீச்சுக்கும் பிரெய்டு சிக்குது.

பதில்: ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் அந்த மேல்காற்று லேசான பிரெய்டை வில்லாக வளைத்துவிடும். வளைந்தபடியே சுற்றினால் முதல் சில சுற்று தளர்வாக ஏறும். அடுத்த வீச்சில் அந்தத் தளர்ந்த வளையம் மொத்தமாகக் கிளம்பிச் சிக்கும்.

ஸ்பூலை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், 2 மி.மீ. விட்டுவிடுங்கள். தாழ்வாக வீசுங்கள். இரை தண்ணீரில் விழும் கணத்தில் ஸ்பூல் விளிம்பில் விரல் வைத்து நரம்பை நிறுத்துங்கள். பெயிலைக் கைப்பிடியால் மூடாமல் கையால் மூடுங்கள். ஒரு முறை ராடை இழுத்துத் தளர்வை எடுத்த பிறகே சுற்றத் தொடங்குங்கள். இந்தக் கடைசி இரண்டும்தான் பெரும்பாலான சிக்கலைத் தீர்க்கும். சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள், ஊக்கின் முனையால் வளையங்களைத் தளர்த்துங்கள்.

சாதா நரம்பு முறுக்கிக்கொண்டால் அதற்கு நம் ஆறே மருந்து. முள், ஈயம் எல்லாம் வெட்டிவிட்டு ஓடும் தண்ணீரில் 50 மீட்டர் விட்டு, இரண்டு மூன்று நிமிடம் பிடித்திருந்து சுற்றுங்கள். முறுக்கு தானாக அவிழ்ந்துவிடும்.

கேள்வி (வீரவநல்லூர்): கைப்பிடி இடப்பக்கமா வலப்பக்கமா?

பதில்: பலமான கையில் ராடு, மற்றக் கையில் கைப்பிடி. ஏறக்குறைய எல்லா ஸ்பின்னிங் ரீலிலும் பக்கம் மாற்றலாம். திருகிப் பூட்டும் வகையில் இரு பக்கத் திருகும் எதிரெதிர்த் திசை. போகாவிட்டால் வலிந்து திருகாதீர்கள்.

கேள்வி (விக்கிரமசிங்கபுரம்): காரையாறு அணையில் போடலாமா?

பதில்: கூடாது. காரையாறும் சேர்வலாறும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. ஊர்க் குளங்களில் மீன்பாசிக் குத்தகை இருக்கும். குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பெரும்பாலானோர் ஒரு தூண்டிலுக்குத் தடை சொல்ல மாட்டார்கள், கேட்காமல் போட்டால்தான் வம்பு.