பரிசேயர் எல்லோரும் வேடதாரிகளா?

கேள்வி: என் மாமனார் வெள்ளிதோறும் உபவாசம் இருப்பவர், அவர் ஜெபித்தால் தெருவுக்கே கேட்கும். ஆனால், சுவர் எடுத்த கொத்தனாருக்குத் தரவேண்டிய கூலியை மாதக்கணக்கில் இழுத்தடிக்கிறார். என் கணவர் அவரைப் 'பரிசேயர்' என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இருவருக்கும் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. பரிசேயர் எல்லோருமே வேடதாரிகள்தானா? நான் என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, அப்படிச் சொல்வது நியாயமாகாது. பரிசேயர் என்போர் இயேசுவின் காலத்தில் மதச்சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட ஒரு யூதப் பிரிவினர். இரவில் இயேசுவைத் தேடி வந்த நிக்கொதேமு பரிசேயர். அப்போஸ்தலர்களைக் கொல்ல வேண்டாமென்று யூதரின் ஆலோசனைச் சங்கத்தில் வாதாடிய கமாலியேலும் பரிசேயர். மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் அவர்களை அத்தனை கடுமையாகச் சாடும் இயேசுவே, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள், செய்கிறபடி செய்யாதீர்கள் என்றுதான் தொடங்குகிறார். வேதவசனங்களை உள்ளே வைத்து நெற்றியிலும் கையிலும் கட்டிக்கொள்ளும் தோல் பெட்டிகள் (காப்புநாடாக்கள்) சாக்கடல் அருகேயுள்ள கும்ரான் குகைகளில் கிடைத்துள்ளன. அவை மிகச் சிறியவை. அந்தக் காப்புநாடாவை ஊரார் பார்க்கும்படி அகலமாக்கியதையும், கீரை, சீரகத்துக்குக்கூடத் தசமபாகம் எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டதையும்தான் அவர் கண்டித்தார்.

இந்தக் கண்டனம் யூதர்களுக்குப் புதிதுமல்ல, வெளியிலிருந்து வந்ததுமல்ல. பரிசேயரின் வழிவந்த ரபிமார், அதாவது யூத மத போதகர்கள், தொகுத்த எருசலேம் தல்மூத் என்ற நூலே ஏழு வகைப் பரிசேயரைப் பட்டியலிட்டு, தன் நற்செயல்களை ஊரறியத் தோளில் சுமந்து திரிபவனையும், ஒரு பாவத்துக்கு ஒரு புண்ணியம் என்று கணக்கை நேர்செய்துகொள்பவனையும் எள்ளிவிட்டு, ஆபிரகாமைப்போல அன்பினால் கடவுளைச் சேவிப்பவனே எல்லோரிலும் பிரியமானவன் என்கிறது. உங்கள் மாமனார் அந்தக் கணக்குக்காரரின் சாயலில் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும், யூதரான இயேசு தம் மக்களிடையே நின்று சொன்ன கண்டனத்தை ஒரு கூட்டத்தார் முழுவதற்குமான வசைச்சொல்லாக நாம் கையாள்வது முறையல்ல என்பதால், அந்தப் பெயரை உங்கள் கணவர் விட்டுவிடட்டும்.

அவருடைய ஜெபத்தையும் உபவாசத்தையும் பற்றி யாரும் பேச வேண்டாம். கூலியைப் பற்றி மட்டும் பேசுங்கள். கூலிக்காரனின் கூலி விடியுமட்டும் உன்னிடம் இருக்கக்கூடாது என்பது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தின் கட்டளை. உபவாச நாளிலேயே வேலையாட்களை ஒடுக்குகிறவர்களை ஏசாயா 58ஆம் அதிகாரம் நேரடியாகவே கேள்வி கேட்கிறது. குற்றத்தைத் தனித்திருக்கையில் உணர்த்தும்படி மத்தேயு 18ஆம் அதிகாரம் சொல்வதால், உங்கள் கணவர், முன்பு பேசிய விதத்துக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, தந்தையிடம் தனியாக இந்த இரு பகுதிகளையும் காட்டி, பணம் தரும் தேதியைக் கேட்கட்டும். அந்தத் தேதி தள்ளிப்போனால், கொத்தனாரை இன்னும் காக்கவைக்காமல் நீங்கள் இருவருமே பாக்கியைக் கொடுத்துவிட்டு, பிறகு மாமனாரிடம் கணக்குப் பேசிக்கொள்ளுங்கள்.