வாசகர் கேள்வி – பதில்: ஆயருக்காகவும் ஜெபத் துணையோடும்

கேள்வி: எங்கள் சபை ஆயரான ஐயருக்காக ஜெபிக்க உட்கார்ந்தால் "ஆண்டவரே, அவரை ஆசீர்வதியும், வல்லமையாய் எடுத்துப் பயன்படுத்தும்" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை. என்னதான் கேட்பது?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: பவுல் தமக்காக என்னென்ன கேட்கச் சொன்னார் என்று பாருங்கள். எபேசியர் 6:19-20இல் சங்கிலியில் கிடக்கிறார். ஆனால் சங்கிலி கழல வேண்டும் என்று அங்கே கேட்கவில்லை, தைரியமாய்ப் பேச வாக்கு வேண்டும் என்கிறார். கொலோசெயர் 4:3-4இல் வசனத்துக்கு வாசல் திறக்க வேண்டும், பேசவேண்டிய விதமாய்ப் பேச வேண்டும் என்கிறார். ரோமர் 15:31இல் ஒரு விசித்திரமான விண்ணப்பம்: எருசலேமுக்குத் தாம் கொண்டுபோகும் உதவியை அங்குள்ள பரிசுத்தவான்கள் ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். தாம் செய்வதைச் சபையார் ஏற்பார்களோ மாட்டார்களோ என்ற கவலை பவுலுக்கே இருந்திருக்கிறது. உங்கள் ஐயருக்கு இருக்காதா?

இனி அதை அவருடைய வாரத்தோடு பொருத்துங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையென்றால் அல்மனாக் என்கிற சபை நாட்காட்டியில் வரும் ஞாயிற்றுக்கான தலைப்பும் வேதபாடங்களும் முன்னமே அச்சாகியிருக்கும். வெள்ளிக்கிழமையே அந்தப் பகுதியைப் படித்து, அதில் உங்களுக்கு விளங்காத வசனத்தைக் குறித்துக்கொண்டு, "இதை அவருக்கு விளங்கப்பண்ணும்" என்று ஜெபியுங்கள். ஞாயிறன்று பிரசங்கத்தை நீங்கள் கேட்கிற விதமே மாறிவிடும். வாரத்தில் ஒருநாள் ஐயரம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்குங்கள். இடமாற்றம் வந்தால் பள்ளிக்கூடம் மாறுவது அந்தப் பிள்ளைகள்தான். சபை ஊழியர், சேகரத்தின் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியின்) செயலர், பொருளாளர், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் ஆகியோரையும் ஆளுக்கு ஒரு நாளாகப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கிலிக்கன் மரபில் ஆண்டுக்கு 4 முறை, புதன், வெள்ளி, சனி ஆகிய 3 நாட்கள், குருத்துவப் பணிக்காகவும் அபிஷேகம் பெறப்போகிறவர்களுக்காகவும் ஜெபிக்கும் எம்பர் நாட்கள் உண்டு. லெந்து என்கிற தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கும் பெந்தெகொஸ்தே ஞாயிற்றுக்கும் அடுத்து வருபவை அவற்றில் இரண்டு. நம் சபைகளில் பலருக்கு இது மறந்தே போய்விட்டது, எடுத்துக்கொண்டால் நல்லது.

யுத்த நாளில் ஆரோனும் ஊர் என்பவரும் மோசேயின் தளர்ந்த கைகளைத் தாங்கியதைத்தான் இதற்கு எல்லாரும் சொல்வார்கள். யாத்திராகமம் 17:12ஐ முழுக்கப் படியுங்கள். கையைத் தாங்குமுன் ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்காரவைத்தார்கள். பல ஆயர்களுக்குத் திங்கள்தான் ஓய்வு. அவசரமில்லாத காரியத்துக்கு அன்று போன் பண்ணாமல் இருங்கள்.

கேள்வி: நானும் பக்கத்துத் தெரு அக்காவும் வாரம் ஒருநாள் சேர்ந்து ஜெபிக்கத் தொடங்கினோம். அரைமணி நேரம் என்றுதான் பேச்சு. இப்போது பேச்சுதான் நடக்கிறது, ஜெபம் கடைசி இரண்டு நிமிடம். எப்படிச் சரிசெய்வது?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: இருவர் சேரும் எல்லா ஜெபமும் முதலில் இடறுவது இதில்தான். பாரத்தை முழுக்கச் சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிடுகிறது. அதற்குப்பின் ஜெபிக்கத் தோன்றுவதில்லை. வரிசையை மாற்றிப் பாருங்கள். உட்கார்ந்ததும் ஒரு சங்கீதத்தில் 5, 6 வசனம் மாறி மாறி வாசியுங்கள். அதிலிருந்தே ஆளுக்கு ஒரு வரி ஸ்தோத்திரம். பிறகு ஒரு காரியத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லுங்கள், உடனே அதற்காக ஜெபியுங்கள், அதற்கப்புறம் அடுத்த காரியம். விவரமெல்லாம் ஆண்டவரிடமே சொல்லலாமே, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருப்பார்கள். காபி கடைசியில்.

ஒருவர் 10 நிமிடம் ஜெபித்தால் மற்றவருக்குத் தூக்கம் வரும், அல்லது தான் என்ன சொல்லப்போகிறோம் என்ற யோசனை வரும். ஒரு முறைக்கு ஒரு நிமிடம் போதும். அதே காரியத்துக்கு மூன்று முறைகூட மாறி மாறி ஜெபிக்கலாம். மத்தேயு 18:19 கேட்கிற ஒருமனப்பாடு அப்போதுதான் வரும்: அவர்கள் ஜெபத்தைக் கேட்டு, அதன்மேல் உங்கள் ஜெபத்தை வைப்பீர்கள். இன்னொன்று, ஜெபத்தில் அக்காவுக்குப் புத்தி சொல்லாதீர்கள். "ஆண்டவரே, இவர்கள் மருமகளிடம் பொறுமையாயிருக்க உதவிசெய்யும்" என்று ஜெபித்தால் அடுத்த வாரம் அவர்களுக்குத் தலைவலி வந்துவிடும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பர் 25 அன்று சிறு குழுக்களுக்கென்று எழுதிய விதிகளில் முதலில் வருபவை வாரம் ஒருமுறையாவது கூடுவது, குறித்த நேரத்துக்கு வருவது, வந்தவர்களோடு உடனே பாட்டோ ஜெபமோ தொடங்கிவிடுவது. அவற்றுக்கு ஆதாரமாக அவர் எடுத்தது, குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு 5:16. பெரிய ஆவிக்குரிய ரகசியம் ஒன்றுமில்லை, பாதி கடிகாரம்தான்.

80 பக்க நோட்டு ஒன்று வாங்கி தேதி, காரியம், நடந்தது என்று மூன்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது கட்டத்தை மாதம் ஒருமுறை நிரப்புங்கள். அதில் "இல்லை" என்றும் எழுத வேண்டியிருக்கும், எழுதுங்கள்.

கேள்வி: துணைக்கு யாரைத் தேர்ந்தெடுப்பது? ஆணும் பெண்ணும் சேர்ந்து ஜெபிக்கலாமா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கணவன் மனைவி தவிர்த்து, ஆணோடு ஆண், பெண்ணோடு பெண் என்பதே நல்லது. மனசைத் திறந்து ஜெபிக்கிற இடத்தில் நெருக்கம் சீக்கிரம் வளரும். வெஸ்லியின் குழுக்களும் ஆண், பெண் என்று தனித்தனியாகத்தான் கூடின. ரொம்ப ஆவிக்குரியவர் யார் என்று தேடுவதைவிட வாயைக் கட்டத் தெரிந்தவர் யார் என்று தேடுங்கள். முதலில் 6 வாரம் என்று பேசிவையுங்கள். ஒத்துவராவிட்டால் மனத்தாங்கல் இல்லாமல் நிறுத்திக்கொள்ளலாம். ஐயர் தம் வீட்டுக் காரியம் ஒன்றைச் சொல்லி ஜெபிக்கச் சொன்னால், அது ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் ஏறக்கூடாது. "பெயர் சொல்லவில்லை, ஒரு ஊழியர் குடும்பம் என்று மட்டும் போட்டேன்" என்பார்கள். சேகரத்தில் இருப்பது ஒரே ஐயர்.

கேள்வி: சபைத் தலைவர் ஒருவர் தவறு செய்கிறார் என்று தெரிகிறது. கேட்டால் "அபிஷேகம் பண்ணப்பட்டவர்மேல் கை போடாதே, ஜெபம் மட்டும் பண்ணு" என்கிறார்கள். ஜெபம் மட்டும் போதுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: போதாது. அபிஷேகம் பெற்ற அரசரான சவுல் தம்மைக் கொல்லத் தேடியும், தாவீது அவர்மேல் கை போடவில்லை என்றால், கொல்லவில்லை என்று பொருள். அதே 1 சாமுவேல் 24இல் சவுலின் சால்வையிலிருந்து அறுத்தெடுத்த தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்துக்கு நேரே அவருடைய அநியாயத்தைக் கேட்கிறார். மூப்பர்மேல் வரும் குற்றச்சாட்டுக்கு 1 தீமோத்தேயு 5:19 இரண்டு மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. அடுத்த வசனம், பாவம் செய்தவர்களை எல்லார் முன்பாகவும் கடிந்துகொள்ளச் சொல்கிறது. வதந்திக்கு அங்கே இடமில்லை, மூடி மறைக்கவும் இடமில்லை.

ஆகவே கண்டதையும் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். பண விஷயமானால் வரவு செலவுக் கணக்கையும் தணிக்கை அறிக்கையையும் சேகரக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மேலிடத்துக்கு எழுதுங்கள். குழந்தைகள்மேல் பாலியல் குற்றம் என்றால் இந்த வரிசையே கிடையாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். சபைக் குழு கூடும்வரை காத்திருக்கக்கூடாது. குழந்தைகள் உதவி எண் 1098.

அந்த மனிதருக்காக ஜெபிப்பதை இதனால் நிறுத்த வேண்டாம். அவர் வெளிச்சத்துக்கு வரவும், பாதிக்கப்பட்டவர்கள் நம்பப்படவும், விசாரிக்கிறவர்கள் அணி பார்க்காமல் விசாரிக்கவும் கேளுங்கள். பெயர் சொல்லியே கேளுங்கள்.

கேள்வி: என் கணவர் வாய்விட்டு ஜெபிக்கமாட்டார். குடும்ப ஜெபம் என்றாலே நழுவிவிடுகிறார்.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: வற்புறுத்தாதீர்கள். ஒரு சங்கீதத்தை அவர் வாசிக்கட்டும், நீங்கள் இரண்டு வரி ஜெபியுங்கள், பரமண்டல ஜெபத்தை இருவரும் சேர்ந்து சொல்லுங்கள். 5 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அன்று சண்டை போட்டிருந்தால் முதலில் அதைப் பேசி முடியுங்கள். 1 பேதுரு 3:7 மனைவியைக் கனப்படுத்தச் சொல்வதே ஜெபம் தடைபடாமல் இருக்கத்தான். அந்த வசனத்தை மட்டும் அவரை வாசிக்கச் சொல்லிவிடாதீர்கள்.